நான் ஹெவி லைசென்ஸ் எடுத்த கதை

எட்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறப்பது, பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றுவது, அழுகிற எல்.கே.ஜி. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று "வா, வா, வா, நில்லு" என்று கத்துவது. இதுதான் வேலை. கதவுக்குப் பக்கத்தில், டிரைவரின் இடது கைப்பக்கம் எனக்கு ஒரு மடக்கு சீட். அங்கே உட்கார்ந்தால் டிரைவரின் கால்கள் நன்றாகத் தெரியும். ஆனால் எட்டு வருஷமும் அந்தக் கால்களை நான் கவனித்துப் பார்த்ததில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த நினைப்பு மாறியது.

அன்று வண்டியில் ஏறும்போதே வாடை அடித்தது. டிரைவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கோலார் பக்கத்துக்காரர், ஆனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மோசமான மனுஷர் இல்லை. மழை நாளில் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வருவார்.

"இன்னாண்ணா இது, காலங்காத்தால?" என்றேன்.

"நேத்தையதும்மா. மச்சான் வீட்டு விசேஷம். இப்ப ஒண்ணுமில்ல, கதவச் சாத்து."

சாத்தினேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வரும். முதல் ஸ்டாப்பில் நாலு பிள்ளைகள், அடுத்ததில் ஆறு. எங்கள் ரூட்டில் வருகிற ஈஜிபுராவில் தெருவின் பாதியை பைக்குகள் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் தண்ணீர் கேன் வண்டி நிற்கும், அதற்கும் மிஞ்சிய இடத்தில்தான் பஸ் போக வேண்டும். மூன்றாவது திருப்பத்தில் எங்கள் பஸ்ஸின் வால்பக்கம், ஓரமாக நின்ற ஒரு ஆட்டோவின் கண்ணாடியை உரசி உடைத்தது. டிரைவருக்குத் தெரியவே இல்லை. ஆட்டோக்காரர் ஓடி வந்து முன்னால் நின்றதும்தான் பிரேக் போட்டார். போட்ட வேகத்தில் ஒரு சின்னப் பெண் முன்சீட் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

டிரைவர் இறங்கிப்போய் ஆட்டோக்காரரோடு சண்டை போட ஆரம்பித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து, எட்டி, சாவியைத் திருப்பி அணைத்து, உருவி, என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அந்தப் பெண்ணின் நெற்றியில் ஈரத் துணியை வைத்தேன்.

அவர் திரும்பி வந்து சாவியைக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், கடைசியில் கெஞ்சினார். "வேல பூடும்மா" என்றார்.

"போனா போவட்டும்ணா. பத்து புள்ளைங்க கீதுங்க."

பள்ளியில் பஸ்களைக் கவனிக்கிற இன்சார்ஜுக்கு போன் செய்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு டிரைவரை அனுப்பினார்கள். பிள்ளைகள் முதல் பீரியட் முடிந்து போய்ச் சேர்ந்தார்கள்.

பத்து மணிக்கு இன்சார்ஜ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னதையும் எதிர்பார்க்கவில்லை.

"சாவி எடுக்க நீ யாரு? லேட் ஆச்சுன்னு எத்தன பேரண்ட்ஸ் போன் பண்ணாங்க தெரியுமா?"

"சார், அவர் குடிச்சிருந்தார்."

"அது நான் பாத்துக்கறேன். உன் வேலை டோர். வண்டி நிறுத்தணுமா ஓட்டணுமான்னு உனக்கென்ன தெரியும்? வாழ்க்கையில ஒரு தடவையாவது ஸ்டியரிங் தொட்டிருக்கியா?"

உண்மையில் நான் தொட்டதில்லை. அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வாடை அடித்ததிலிருந்து நெற்றி வீங்கியது வரை நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதினேன். கடைசி வரியில், 'இனி இப்படி நடந்தால் இனியும் சாவியை எடுப்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாங்கி ஃபைலில் வைத்து, "இனிமே இப்படிப் பண்ணாத" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிரைவர் ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். என்னைத்தான் வேறு பஸ்ஸுக்கு மாற்றினார்கள், ரிச்சர்ட்ஸ் டவுன் வரை போய்ச் சுற்றி வருகிற நீளமான ரூட்டுக்கு.

அந்த வாரமே எங்கள் தெரு முனையில் இருந்த டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். கார் கற்றுத்தருகிற இடம். மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம், "பஸ் ஓட்டறதுக்கு லைசென்ஸ் எடுக்கணும். இன்னா பண்ணணும்?" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. நேரே பஸ்ஸுக்குப் போக முடியாது என்றார். முதலில் கார் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அது கையில் இருந்து ஒரு வருஷம் முடிய வேண்டும். அதன் பிறகுதான் பெரிய வண்டிக்கு எல்.எல்.ஆர். போட விடுவார்கள். அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், பெரிய வண்டி கற்றுத்தருகிற ஸ்கூலில் பழகினதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும், அப்புறம் டெஸ்ட். "எல்லாம் சேத்து ஒண்ணரை வருஷம் ஆகும்மா. அவ்ளோ நாள் உங்களுக்கு இந்த ஆசை இருக்குமா?"

"ஆசை இல்லைங்க, கோவம். இருக்கும்" என்றேன்.

வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவர் டைல்ஸ் ஒட்டுகிற வேலை செய்கிறவர். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாக இந்தக் கன்னட ஊருக்கு வந்தோம். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கார் ஓட்டக் கத்துக்கோ, வேணாங்கல. பஸ்ஸு எதுக்கு? ஊர்ல கேட்டா இன்னான்னு சொல்றது?"

"ஊர்லேர்ந்து யாரும் வந்து இங்க என் வேலையப் பாக்கல."

"அதில்லம்மா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவருக்குப் பிடிக்காத விஷயங்களில் அவர் வாக்கியத்தை முடிக்கவே மாட்டார். நானும் அதை முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார் லைசென்ஸ் சுலபமாக வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷம்தான் பெரிய தண்டனை. நான் கற்றுக்கொள்வது பள்ளியில் எப்படியோ தெரிந்துபோய்விட்டது. டிரைவர்கள் எல்லோரும் என்னை 'டிரைவரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால், "டிரைவரம்மா, இன்னைக்கு எந்த வண்டி எடுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். முதல் வாரம் வலித்தது. இரண்டாவது வாரம் முதல், யாராவது அப்படிக் கூப்பிட்டால் "இன்னாப்பா?" என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்துக் கேட்டேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரு மாதத்தில் அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் முழுக்கப் புது ரூட் டிரைவரின் கால்களைப் பார்த்தேன். கிளட்சை எப்போது மிதிக்கிறார், எவ்வளவு விடுகிறார், எங்கே பாதியில் நிறுத்துகிறார் என்று பார்த்தேன். கொஞ்ச நாளில் பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பேன். இப்போது மூன்றாவது கியருக்குப் போகப்போகிறார் என்று நினைப்பேன், போவார். ஒரு பஸ் டிரைவர் காரைப்போல முனையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்புவதில்லை, தன் உடம்பு முனையைத் தாண்டின பிறகுதான் திருப்புகிறார் என்பதை அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். முன் சக்கரம் அவருக்கும் பின்னால் இருக்கிறது அல்லவா?

ஒரு வருஷம் முடிந்த மறுநாள் டாக்டர் சர்டிபிகேட்டுக்குப் போனேன். டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், காதைச் சோதித்தார், வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த எண்களைப் படிக்கச் சொன்னார், விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும்போது, "உயரம் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார். நாலு அடி பத்து அங்குலம். ஃபாரத்தில் உயரத்துக்கு எங்கேயாவது கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். திருப்பிப் பார்த்தார், இல்லை. கையெழுத்துப் போட்டார்.

பெரிய வண்டி கற்றுத்தரும் ஸ்கூல் ஊரின் தெற்குக் கோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு காலி மைதானத்தில் இருந்தது. போனில் கேட்டபோது, "லேடீஸ் பேட்ச் இல்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள். அதனால் நேரில் போனேன். பஸ்ஸில் காலை டிரிப் ஒன்பதரைக்கு முடியும், பிள்ளைகளைத் திரும்ப ஏற்ற இரண்டரைக்கு வந்தால் போதும். இடையில் இருந்த ஐந்து மணி நேரத்தை ஒன்பது வருஷமாக மற்ற ஆயாக்களோடு உட்கார்ந்து கதை பேசிக் கழித்திருந்தேன்.

அங்கே பயிற்சி கொடுத்தவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கன்னடக்காரப் பையன், என்னை எடுத்ததுமே 'அக்கா' என்றான்.

"அக்கா, ஸ்வல்ப யோசனை பண்ணுங்க. இது பழைய பஸ். பவர் ஸ்டியரிங் கூட இல்ல. ஆம்பளைங்களே முதல் நாள் கை வலிக்குதுன்னு ஓடிப்போறாங்க."

"ஏறிப் பாக்கவா?"

"கால் எட்டாதுக்கா."

ஏறினேன். எட்டவில்லை. சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளியும் கிளட்சை மிதிக்க நான் கிட்டத்தட்ட எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அவன் 'நான் சொன்னேனில்ல' என்கிற மாதிரி நின்றான். நான் இறங்கி, ஸ்கூல் ஆபீஸ் நாற்காலியில் கிடந்த தலையணையை எடுத்துக்கொண்டு வந்து முதுகுக்குப் பின்னால் சொருகிக்கொண்டேன். இரண்டு காலும் அடிவரை போயின.

"கலிசி கொடப்பா," என்றேன். கற்றுக்கொடு என்று கன்னடத்தில். "ஃபீஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

அவன் தலையைச் சொறிந்தான். மறுநாள் வரச் சொன்னான்.

என்னோடு சேர்ந்து நாலு ஆண்கள் பழகினார்கள். எல்லோரும் டெம்போ ஓட்டிப் பழகினவர்கள், பெரிய வண்டிக்கு மாற வந்தவர்கள். முன்னால் ஓட்டுவதில் அவர்கள் என்னைவிடப் பல மடங்கு கெட்டி. நான் கியர் போட்டால் பஸ் இருமியது, அவர்கள் போட்டால் வழுக்கிக்கொண்டு போயிற்று. முதல் வாரம் தோள்பட்டை வலியில் சாயங்காலம் பிள்ளைகளைத் தூக்கி இறக்க முடியவில்லை. வீட்டில் சப்பாத்தி மாவு பிசைய உட்கார்ந்து, பிசைய முடியாமல், மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் ரிவர்ஸ். மைதானத்தில் தார் டிரம்களை நிறுத்தி, எஸ் எழுத்து மாதிரி வளைந்த வழியில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னான். நாலு ஆண்களும் ஆளுக்கு இரண்டு டிரம்மை உருட்டினார்கள். என் முறை வந்தது. இரண்டு கண்ணாடியையும் பார்த்தேன். ஒன்பது வருஷமாக நான் பஸ்ஸின் பின்னால் நின்றவள். அந்த வால் எப்போது எந்தப் பக்கம் அடிக்கும், சக்கரம் திரும்பிய பிறகு எவ்வளவு நேரம் கழித்து உடம்பு திரும்பும் என்பது எனக்குத் தெரியும். பின்னால் நின்று கத்துகிற என் குரலே என் காதில் கேட்டது. வா, வா, வா, லெஃப்ட் ஒடி, வா, நில்லு. பஸ் நின்றது. ஒரு டிரம்கூட அசையவில்லை.

டெம்போக்காரர்களில் ஒருவர் கைதட்டினார். பயிற்சியாளன், "இன்னொரு தடவைக்கா" என்றான், நம்பாமல். இன்னொரு தடவையும் எடுத்தேன்.

அதனால்தான் டெஸ்ட் அன்று நான் தோற்றபோது எல்லோரையும்விட நான்தான் அதிகம் அதிர்ந்தேன்.

டெஸ்ட் நடக்கிற மைதானத்தில் பெரிய வண்டிகளின் வரிசையில் நான் ஒருத்திதான் பெண். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். நான் போய் நின்றதும், "நீங்க இல்லம்மா, டிரைவர வரச் சொல்லுங்க" என்றார். நான்தான் டிரைவர் என்றேன். பட்டியலை மறுபடி பார்த்து, பஸ்ஸைப் பார்த்து, ஏறச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தடத்தின் இரண்டு பக்கமும் கம்பங்கள், மேலே கேமராக்கள். கம்பத்தைத் தொட்டாலும், கோட்டைத் தாண்டினாலும், நிற்கக்கூடாத இடத்தில் நின்றாலும் கணினி தானாகவே குறித்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் உயரமோ, நான் உடுத்தியிருந்ததோ அந்தக் கேமராவுக்கு ஒரு பொருட்டில்லை. எட்டு போட்டேன். எஸ் வழியில் பின்னால் எடுத்தேன். எல்லாம் சரி. கடைசியாக மேடு. மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். நிறுத்தினேன். கிளட்சை விட்டேன், ஆக்சிலேட்டரை மிதித்தேன். பஸ் ஒரு முழம் பின்னால் உருண்டு, பிறகுதான் ஏறியது.

ஃபெயில். கேமராவுக்கு நான் பெண் என்று தெரியாதுதான். நான் உருண்டது தெரிந்தது.

வெளியே வந்து புளியமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கையில் ஃபைல்களோடு ஒரு ஆள் வந்தான். வாசலில் நின்று யார் வெளியே வந்தாலும் பேச்சுக் கொடுக்கிற ஆள்.

"என்ன மேடம், ஆகல்லியா? ஏன் கஷ்டப்படறீங்க? அடுத்த தடவ நான் பாத்துக்கறேன். நீங்க வந்து நின்னா போதும், வண்டியே ஓட்ட வேணாம்."

"வண்டி ஓட்ட வேணாம்னா லைசென்ஸ் எதுக்கு?"

"லைசென்ஸ் வேணும்ல மேடம்?"

"எனக்கு ஓட்டறதுதான் வேணும். நகரு."

அவன் சொன்னது நடக்கக்கூடியதா, சும்மா ஏமாற்றா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஓட்டத் தெரியாத ஒருவர் கையில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தாயிற்று.

மறுபடி டெஸ்டுக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் பயிற்சியாளன் என்னை ஒரு புது லேஅவுட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். வீடுகள் இன்னும் வராத இடம். அங்கே ஒரு சாலை குன்று மாதிரி ஏறும். நடுவில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய், பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை நிற்க வைத்தான்.

"நசுங்கினா மறுபடி, அக்கா."

முதல் நாள் ஐந்து பாட்டில் நசுங்கியது. அவன் வழியில் இருந்த கடையில் காலி பாட்டில்களை ஒரு மூட்டை வாங்கிவந்தான். கிளட்சை எவ்வளவு விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பாதத்தில் தேட வேண்டும். பஸ்ஸின் உடம்பில் ஒரு நடுக்கம் வரும், முன்பக்கம் லேசாகத் தூக்கும். அப்போதுதான் பிரேக்கை விட வேண்டும். நான் பயத்தில் அதற்கு முன்பே விட்டுக்கொண்டிருந்தேன். உருண்டுவிடுமோ என்ற பயம்தான் உருட்டியது. நான்காம் நாள் ஒரு பாட்டில்தான் போயிற்று. ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் அவன் பாட்டில் வைக்கவில்லை, தானே போய்ப் பின்னால் நின்றான். நான் கத்தினேன். "நகருடா!" என்றேன்.

"கிளப்புங்கக்கா," என்று கைகட்டிக்கொண்டு நின்றான். கிளப்பினேன். ஒரு அங்குலம் உருளவில்லை. இறங்கிப்போய் அவனைத் திட்டின திட்டில் அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தான். இதை இங்கே எழுதுவது யாரும் அப்படி நிற்பதற்காக இல்லை. அது முட்டாள்தனம். ஆனால் அதுவரை என்னை நம்பி ஒருவரும் நின்றதில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது டெஸ்டில் பாஸ். இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டு, தலைநிமிராமலேயே நீட்டி, அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். எல்லா ஆண்களுக்கும் அப்படித்தான் நீட்டினார். அதைவிட நல்ல பாராட்டை நான் அன்று எதிர்பார்க்கவில்லை.

கார்டு தபாலில் வந்தது. வந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பள்ளியில் இன்சார்ஜின் அறைக்குப் போனேன். அவர் மேஜைமேல் வைத்தேன். எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கங்கிராட்ஸ்" என்றார். "ஆனா இங்க வேகன்சி இல்ல."

"நோட்டீஸ் போர்டுல ரெண்டு டிரைவர் வேணும்னு ஒட்டியிருக்கீங்க சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாரும்மா, ஓப்பனா சொல்றேன். எனக்கு ஒண்ணுமில்ல. பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. லேடி டிரைவர்னா பயப்படுவாங்க."

"அந்தப் பேரண்ட்ஸ் ஒம்பது வருஷமா புள்ளைங்கள என் கையிலதான் சார் குடுத்தாங்க. குடிச்சிருந்த ஆள் கையிலயும் குடுத்தாங்க, தெரியாம. என்னைப் பாத்துதான் பயப்படுவாங்களா?"

"உன்ன ஹெட் ஆயாவா போடறேன். எல்லா பஸ் ஆயாவும் உன் கீழ."

அந்த நிமிஷத்தைப் போல என் வாழ்க்கையில் எதுவும் தெளிவாக இருந்ததில்லை. கார்டை எடுத்துப் பையில் வைத்தேன். ஒரு தாள் கேட்டேன். இந்த முறை அவருக்குப் புரியட்டும் என்று தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டே வரியில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மாதக் கடைசிவரை வேலை பார்த்தேன். கடைசி நாள் எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று இறங்கமாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்போது மட்டும் அழுதேன்.

மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் கார்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் ஊரிலிருந்து வீட்டுக்காரரின் அண்ணன் போன் செய்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போடாமலேயே அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "இன்னாடா, உம் பொண்டாட்டி லாரி ஓட்டறாளாமே?"

வீட்டுக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். "லாரி இல்லண்ணா, பஸ்ஸு" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் வேலை கொடுத்தவர் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்கு ஸ்டாஃப் பஸ் விடுகிற ஒரு கான்ட்ராக்டர். அவருக்குப் பெண்கள் முன்னேற்றத்தில் அக்கறை எல்லாம் இல்லை. அவருடைய டிரைவர் சொல்லாமல் நின்றுவிட்டார், மறுநாள் காலை ஐம்பது பேரை ஏற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "ஒரு வாரம் பாப்போம்" என்றார். மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் காலை ஈஜிபுரா ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினேன். கார்மெண்ட்ஸ் பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு ஏறினார்கள். ஒருத்தி படியிலேயே நின்றுவிட்டாள்.

"டிரைவர் எங்கக்கா?"

"நான்தான்."

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். "ஐயோ, நான் வரலப்பா, எனக்குப் புள்ளைங்க கீது" என்று இறங்கிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். ஆண்கள் சிரித்ததையெல்லாம் தாங்கினவள் நான். இது மட்டும் நெஞ்சில் குத்தியது.

"எறங்கறவங்க எறங்கலாம். வண்டி ஏழரைக்குக் கெளம்பும்" என்றேன். ஏழரைக்குக் கிளப்பினேன்.

அந்த மூன்று பேரும் ஆட்டோ பிடித்து, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டி, இருபது நிமிஷம் லேட்டாகப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். முதலில் இறங்கினவள் முன்சீட்டில், என் கால்கள் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இது எதுக்கு, அது எதுக்கு, கார் லைசென்ஸ் எங்கே எடுப்பது, எத்தனை நாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கார் முதலில், ஒரு வருஷம் பொறு, அப்புறம் டாக்டர், அப்புறம் பெரிய வண்டி ஸ்கூல், மேட்டில் கவனம். கஷ்டமா என்று கேட்டாள். கஷ்டம்தான் என்றேன். பொய் சொல்லி ஒருத்தியை ஏற்றிவிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

மூன்று வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவள், போன மாதம்தான் ஞாயிற்றுக்கிழமை கார் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் புருஷன் ஸ்டாப்புக்கு வந்தான். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் படியில் ஒரு காலை வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க ஊட்டுப் பொம்பளைக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கற நீ?"

அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டதைச் சொன்னேம்ப்பா. நீ கேட்டாலும் சொல்லுவேன்" என்றேன். "வண்டி கெளம்பற நேரம். ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா கால எடு."

அவன் என்னைப் பார்த்தான், கடிகாரம் இல்லாத தன் மணிக்கட்டைப் பார்த்தான், உள்ளே ஐம்பது பெண்கள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான். காலை எடுத்தான். நான் கதவைச் சாத்தச் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவளே எழுந்து சாத்தினாள்.